பழவேற்காட்டில் ஹைட்ரோஃபாயில் பாய்ப்படகு: தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. ஊர் ஆரம்பாக்கம், தடாவுக்கு இந்தப் பக்கம். நானும் மச்சானும் ஒரு ஆள் ஓட்டும் பாய்ப்படகுக்கு ஹைட்ரோஃபாயில், அதாவது வேகமெடுத்ததும் படகை நீருக்கு மேலே தூக்கும் நீரடி இறக்கை, செய்கிறோம். மாத் (Moth) என்ற ஒரு ஆள் பந்தயப் பாய்ப்படகில் இருப்பது போல, படகின் நடுவே நீருக்குள் இறங்கும் நடுப்பலகைக்கு அடியில் ஒரு இறக்கை, சுக்கானுக்கு அடியில் ஒன்று. படகும் ஆளுமாக 110 கிலோ, 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கி.மீ.) வேகத்தில் மேலே எழும்ப வேண்டுமென்றால் இரண்டு இறக்கைக்கும் சேர்த்து சுமார் 0.2 சதுர மீட்டர் பரப்பு வருகிறது. வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்கு, அதனால் இதற்கு மேல் பெரிதாக்க மனமில்லை.

சிக்கல், இறக்கையைப் படகோடு இணைக்கும் செங்குத்துத் தண்டின் நீளத்தில்தான். மாத் படகில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர், நம் ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான், கோடையில் அதுவும் சந்தேகம். தண்டைக் குட்டையாக்கினால் இறக்கை நீர்மட்டத்தை நெருங்கிவிடும், தண்டு வழியே காற்று உள்ளே இறங்கி, தூக்குவிசை போய், படகு பொத்தென்று விழும். தண்டில் குறுக்கே சின்னத் தகடு வைத்தால் காற்றைத் தடுக்கலாம் என்கிறார்கள். யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எந்த உயரத்தில்?

அப்புறம், தண்டும் இறக்கையும் சேரும் மூட்டு. இங்கே ஃபைபர் போட் செய்பவர்கள் கைதேர்ந்தவர்கள், ஆனால் கண்ணாடியிழை மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும்தான் அவர்கள் பழக்கம். மொத்த எடையும் அந்த மூட்டில் வருவதால் கார்பன் துணி, எபாக்ஸி ரெசின், வாக்குவம் பேக் (பையால் மூடிக் காற்றை உறிஞ்சி இறுக்குவது) என்று போக நினைக்கிறோம். கார்பன் இழையைத் தண்டிலிருந்து இறக்கைக்குள் வளைத்து ஒரே துண்டாக ஓட்டுவதா, இல்லை தனித்தனியாக வார்த்து போல்ட் போடுவதா? கழற்ற முடிந்தால் பைக்கில் கொண்டுபோக வசதி, அதற்காகத்தான் இரண்டாவதைக் கேட்கிறேன். சென்னையில் கார்பன் துணியைச் சில்லறையாக வெட்டித் தரும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.