உதவி: டி அண்ட் டில பறக்கிற மிருகம் ப்ரோன் (படுத்த நிலை) ஆனா கீழ விழுமா?

மந்திரப்பை: அவசரம், ராத்திரி எங்க டி அண்ட் டி (பகடை உருட்டி ஆடுற கற்பனைச் சாகச விளையாட்டு) ஆட்டம் தொடருது. பறக்கிற மிருகத்தை ஸ்பெல் (மந்திரம்) போட்டு ப்ரோன் ஆக்கிட்டேன், சேவும் (ஸ்பெல்லைத் தடுக்க அது போடுற பகடை) தோத்துடுச்சு. "காத்துல எப்படிப் படுக்கும்?"னு டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) விழ விடமாட்டேங்கிறார். விதி என்ன?

பகடைராஜா: எந்த எடிஷன்? என்ன மிருகம், என்ன ஸ்பெல், எவ்வளவு உயரம்?

குகைவாசி: எதுவா இருந்தாலும் எர்த்பைண்ட் (பறக்கிறதைத் தரைக்கு இறக்குற ஸ்பெல்) போடுங்க. 300 அடி ரேஞ்ச்.

பகடைராஜா: எர்த்பைண்ட்ல ரவுண்டுக்கு 60 அடி பத்திரமாத்தான் இறங்கும், டேமேஜே கிடையாது.

வில்லாளி: குழுவுல பேட்டில் மாஸ்டர் (ஒரு வகை ஃபைட்டர்) இருந்தா ட்ரிப் அட்டாக் (தட்டி விழ வைக்கிற அடி). அம்புலயும் செல்லும், லார்ஜ் சைஸ் வரைக்கும்.

மந்திரப்பை: 5இ (ஐந்தாம் எடிஷன்), 2014 புக். வைவெர்ன் (றெக்கை உள்ள டிராகன் வகை). ஹிடியஸ் லாஃப்டர் (சிரிச்சு விழ வைக்கிற ஸ்பெல்).

விதிப்புலவர்: பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 9ஆம் அத்தியாயத்தைப் புரட்டியிருந்தா இந்த இழையே வேண்டாம். இதெல்லாம் அடிப்படை. பறக்கிறது ப்ரோன் ஆனாலோ வேகம் 0 ஆனாலோ விழும். ஹோவர் (அந்தரத்துல மிதக்கிற திறன்) இருந்தா, இல்ல ஃப்ளை மாதிரி மந்திரம் தாங்கினா மட்டும் விழாது. பிஹோல்டர்ங்கிற மிருகத்துக்கு ஹோவர் உண்டு, வைவெர்னுக்கு இல்ல. இன்டெலிஜென்ஸ் 4ம் அதுக்குக் கீழயும்னா லாஃப்டர் பலிக்காது. வைவெர்னுக்கு 5, அதனால பலிக்கும். கமாண்ட் (சொல்லால உத்தரவு போடுற ஸ்பெல்) போட்டிருந்தா வீண், அதுக்கு மொழியே புரியாது.

பகடைராஜா: விழுறதோட முடியல. லாஃப்டர் ரேஞ்ச் 30 அடி. நேர் கீழ நின்னு போட்டிருந்தாலும் வைவெர்ன் 30 அடிக்கு மேல இருக்காது. 10 அடிக்கு 1டி6 (ஒரு ஆறுமுகப் பகடை) டேமேஜ், ஆக 3டி6, சராசரி 10.5. அந்த டேமேஜ் பட்டதுமே அட்வான்டேஜோட (ரெண்டு தடவை உருட்டி பெரிய எண்ணை எடுக்கிறது) மறுபடி சேவ் போடும். விஸ்டம் +1, டிசி (சேவுல எட்ட வேண்டிய எண்) 13னு வெச்சா தப்பிக்க 45%. அட்வான்டேஜ்ல கிட்டத்தட்ட 70%. விழ வெச்சதே ஸ்பெல்லை உடைச்சுடலாம்.

குகைவாசி: ஸனாதர் புக்ல இருக்கிற ஆப்ஷனல் விதில விழுற தூரத்துல பறக்கும் வேகத்தைக் கழிக்கணும். 30 அடில வைவெர்னோட வேகம் 80 போனா டேமேஜ் இல்ல. அப்ப ப்ரோனும் ஆகாது.

விதிப்புலவர்: தப்பு. விழுந்ததால வர்ற ப்ரோன்தான் டேமேஜ் இல்லன்னா வராது. இங்க ஸ்பெல்லே ஏற்கெனவே ப்ரோன் ஆக்கியாச்சு. எழுந்திருக்கவும் விடாது.

குகைவாசி: சிரிச்சுக்கிட்டே இன்கபாசிடேட்டடா (எதுவும் செய்ய முடியாம) விழுறது எப்படி றெக்கை அடிக்கும்?

விதிப்புலவர்: நினைவோட இருக்கணும், வேகம் 0க்கு மேல இருக்கணும். அந்த விதி கேட்கிறது அவ்வளவுதான். இன்கபாசிடேட்டட் ஆனா வேகம் குறையாது.

பகடைராஜா: அப்போ மந்திரப்பை, அந்த ஸனாதர் விதி உங்களுக்குத்தான் லாபம். அடி இல்ல, கூடுதல் சேவும் இல்ல.

மந்திரப்பை: டிஎம் ஒத்துக்கிட்டார், விழுது. நன்றி.

வில்லாளி: விழுந்ததும் தூரத்துல இருந்து அம்பு விடாதீங்க. 5 அடிக்கு வெளிய ப்ரோன் மேல டிஸட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி சின்ன எண்ணை எடுக்கிறது), பட்டாலும் அதுக்கு ஒரு சேவ். ஃபைட்டர் பக்கத்துல போகட்டும்.

பகடைராஜா: உங்க டேபிள்ல ஸனாதர் விதி உண்டா?