ரியல்டைம் பேக்எண்ட் அனுபவங்கள்: இணைப்பு அறுந்து திரும்பியபோது உங்கள் ஆப் என்ன செய்தது?

ஜாவாஸ்கிரிப்ட் வெப் ஆப்புக்கு ஓப்பன் சோர்ஸ் ரியல்டைம் பேக்எண்ட் (மாற்றங்களை உடனுக்குடன் திரைக்கு அனுப்பும் சர்வர் பகுதி) தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எது வேகம்?" என்றுதான். நான் வேலை பார்த்த எந்த ஆப்பிலும் வேகம் பிரச்சினையாக வந்ததே இல்லை. போன் சிக்னல் போய்த் திரும்பி வருவதற்குள் சர்வர் அனுப்பிய செய்திகள் எங்கே போகின்றன? தேர்வு செய்யும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கிளினிக்குக்கு டோக்கன் ஆப் செய்து கொடுத்தோம். டாக்டர் அறையில் 'அடுத்தவர்' பொத்தானை அழுத்தினால் வரவேற்பறை டிவியிலும் காத்திருப்பவர்களின் போனிலும் எண் மாற வேண்டும். சர்வர் நோட்.ஜேஎஸ், அதன் மேல் பிரவுசரோடு திறந்த இணைப்பு வைத்துச் செய்தி அனுப்பும் சாக்கெட்.ஐஓ நூலகம். டிவியில் ஒரு குறையும் இல்லை. டீ குடிக்க வெளியே போனவர்களின் போனில்தான் சிக்கல். திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் மொபைல் பிரவுசர் இணைப்பை விட்டுவிடும். மறுபடி திறந்தால் தானாகவே இணைந்துகொள்ளும், 'இணைப்பில் உள்ளது' என்ற பச்சைப் புள்ளியும் வந்துவிடும். எண் மட்டும் பழையதாகவே நிற்கும். ஒரு வயதான அம்மா தன் முறை தாண்டிப் போனது தெரியாமலே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இது சாக்கெட்.ஐஓவின் பிழை இல்லை. செய்தி அதிகபட்சம் ஒருமுறைதான் போய்ச் சேரும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அனுப்பும் நேரத்தில் எதிர்முனையில் ஆள் இல்லையென்றால் போனது போனதுதான். 2023-இல் வந்த 4.6 பதிப்பில், சிறிது நேரம் மட்டும் அறுந்த இணைப்புக்கு விட்டுப்போன செய்திகளைத் திருப்பித் தரும் வசதி சேர்ந்தது. ஆனால் பல சர்வர்களை இணைக்க வழக்கமாகப் போடும் ரெடிஸ் பப்-சப் அடாப்டரோடு (செய்தியைச் சேமிக்காமல் அப்படியே கடத்திவிடுவது) அது வேலை செய்யாது. செய்திகளைச் சேமித்து வைக்கும் ரெடிஸ் ஸ்ட்ரீம்ஸ் போன்ற அடாப்டர் வேண்டும்.

நாங்கள் செய்த மாற்றம் எளிமையானது. ஒவ்வொரு முறை இணைப்பு திரும்பும்போதும், இப்போதைய எண்ணைச் சாதாரண ஹெச்டிடிபி கோரிக்கையில் வாங்கிவிட வேண்டும். சாக்கெட்டில் வருவதற்கும் ஒரு வரிசை எண் உண்டு; கையில் இருப்பதைவிடப் பழையது வந்தால் ஒதுக்கிவிடும். அப்புறம் அடுத்த வேலைக்குச் சென்ட்ரிஃபியூகோ என்ற ரியல்டைம் செய்தி சர்வரை எடுத்துக்கொண்டோம். கோ மொழியில் எழுதியது, நோட் சர்வருக்குப் பக்கத்தில் தனியாக ஓடும். சேனலுக்கு (ஒரு தலைப்பில் செய்திகள் போகும் வழி) வரலாறு வைத்துக்கொள்ளச் சொன்னால், திரும்பி வரும் கிளையண்ட் தான் கடைசியாகப் பார்த்த இடத்தைச் சொல்லி மீதியைக் கேட்டுக்கொள்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, முழுதாகத் தர முடியாவிட்டால் 'மீட்க முடியவில்லை' என்று சர்வரே சொல்லிவிடுகிறது. அந்த நேர்மை ஒரு பேக்எண்டுக்கு அவசியம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் இணைப்பைவிடப் பெரிய ஒன்று அறுந்துபோனதைப் பார்த்தவன். ரீதிங்க்டிபி என்ற டேட்டாபேஸ் காலத்து ஆள் நான். கேள்வியை எழுதிக் கடைசியில் 'சேஞ்சஸ்' என்று சேர்த்தால் போதும், பதில் மாறும்போதெல்லாம் டேட்டாபேஸே சொல்லி அனுப்பும். இன்றைக்கும் அவ்வளவு அழகான வடிவமைப்பை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அதை நேரே பிரவுசருக்குக் கொண்டுவர ஹொரைசன் என்ற பேக்எண்டை 2016 மே மாதம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். 2017-இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் உரிமையை வாங்கி லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்ததால் ரீதிங்க்டிபி அபாச்சி உரிமத்தில் பிழைத்தது. ஹொரைசன் அப்படியே நின்றுவிட்டது. சோர்ஸ் திறந்திருந்தது, ஆனால் அதை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

பார்ஸ் கதை வேறு மாதிரி முடிந்தது. 2016 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் வசமிருந்த அந்தப் பேக்எண்ட் சேவையை மூடுவதாகச் சொன்னது, ஓராண்டு அவகாசமும் தந்தது, பார்ஸ் சர்வரை ஓப்பன் சோர்ஸாகவும் விட்டது. தரவை மோங்கோடிபிக்கு எடுத்துக்கொண்டு போக முடிந்ததால் பலர் தப்பித்தார்கள்.

அதனால் நான் இப்போது பார்ப்பது ஒன்றுதான்: ரியல்டைம் அடுக்கை நாளைக்குப் பிடுங்கி எறிந்தாலும் என் தரவு போஸ்ட்கிரெஸ் போன்ற எல்லோருக்கும் தெரிந்த டேட்டாபேஸில் இருக்குமா? உரிமத்தையும் படித்துவிடுங்கள். கான்வெக்ஸ் பேக்எண்ட் 2024-இல் சோர்ஸைத் திறந்தபோது அதன் உரிமம் எஃப்எஸ்எல் (ஃபங்ஷனல் சோர்ஸ் லைசென்ஸ்). போட்டியாகச் சேவை நடத்தத் தடை உண்டு, இரண்டு ஆண்டு கழித்துத்தான் அந்தப் பதிப்பு அபாச்சிக்கு மாறும். நல்ல மென்பொருள்தான், ஆனால் வழக்கமான பொருளில் ஓப்பன் சோர்ஸ் என்று சொல்ல முடியாது.

* * *

போஸ்ட்கிரெஸ் பேச்சு வந்ததால், அதன் மேல் கட்டிய சூபாபேஸ் பேக்எண்ட் பற்றிச் சொல்கிறேன். எங்கள் சர்வரிலேயே நிறுவி ஓட்டுகிறோம். அதன் ரியல்டைம் பகுதி எலிக்சிர் மொழியில் எழுதியது. போஸ்ட்கிரெஸின் வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவு) பதிவைப் படித்து மாற்றங்களைப் பிரவுசருக்குத் தள்ளும். இதன் பெரிய லாபம், இரவில் தானாக ஓடும் கிரான் ஸ்கிரிப்ட் டேபிளில் ஒரு வரிசையைத் திருத்தினாலும் திரையில் தெரியும். எந்த நிரல் எழுதியது என்ற கவலையே இல்லை.

ஆனால் வரிசைக்கு வரிசை அனுமதி விதி போட்டிருந்தால், கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுமதி பார்க்கும். 100 பேர் கேட்டுக்கொண்டிருக்க ஒரு வரிசை சேர்ந்தால் 100 சரிபார்ப்பு. அதனால் அட்மின் திரைக்கு மட்டும் அந்த வழி, அரட்டைக்கு அதிலேயே உள்ள பிராட்காஸ்ட் (டேபிள் மாற்றத்தைப் பார்க்காமல் செய்தியை நேரே அனுப்புவது) என்று பிரித்துக்கொண்டோம். அழித்த வரிசைகளுக்கு அந்த அனுமதி விதி செல்லாது என்பதையும் கவனியுங்கள். வரிசை போய்விட்ட பிறகு யாருக்கு உரிமை என்று எதை வைத்துப் பார்ப்பது? நாங்கள் அழிப்பதையே நிறுத்திவிட்டு, 'நீக்கப்பட்டது' என்று ஒரு நெடுவரிசை வைத்திருக்கிறோம்.

சொந்தமாக வால் படிக்கும் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிரந்தர ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை (நிரல் எதுவரை படித்தது என்று போஸ்ட்கிரெஸ் வைக்கும் குறி) உருவாக்கிவிட்டு நிரலை நிறுத்தி வைத்தால், அது படிக்கும் வரை போஸ்ட்கிரெஸ் பழைய வால் கோப்புகளை அழிக்காது. டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸே நின்றுவிடும். 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு வரம்பு வைக்க முடியும். இயல்பில் வரம்பு கிடையாது.

* * *

சின்ன வேலைக்கு இவ்வளவும் வேண்டாம் நண்பர்களே. உள்ளூர் கபடிப் போட்டிக்கு ஸ்கோர் பலகை செய்தேன், பாக்கெட்பேஸ் என்ற சின்ன பேக்எண்ட்தான். ஒரே கோப்பு, உள்ளே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், ரியல்டைம் இருபக்கமும் பேசும் வெப்சாக்கெட்டில் இல்லாமல் எஸ்எஸ்இ (சர்வரிலிருந்து பிரவுசருக்கு மட்டும் போகும் ஹெச்டிடிபி இணைப்பு) வழியாக வருகிறது. ஒரு சர்வருக்கு மேல் விரிக்க முடியாது, அது எனக்குத் தேவைப்படவும் இல்லை. ஹெச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புதான் பிரவுசர் தரும், அதனால் ஒரே ஆள் பல டேப் திறந்தால் பக்கம் தொங்கும். முன்னால், ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை அனுப்பும் ஹெச்டிடிபி 2 பேசும் கேடி (Caddy) வெப் சர்வரை வைத்ததும் சரியானது.

முதல் பதிவில் கேட்டதற்குப் பதில்: இணைப்பு திரும்பினால் சந்தாவைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், விட்டுப்போன புள்ளிகளைத் தராது. இணைப்பு வந்ததாக அது எழுப்பும் நிகழ்வைப் பிடித்து முழு ஸ்கோரையும் மறுபடி வாங்கிவிடுகிறேன். ஒய்.ஜேஎஸ் (பலரின் திருத்தங்களைத் தானே ஒன்றுசேர்க்கும் நூலகம்) வைத்துப் பலர் சேர்ந்து எழுதும் திரை செய்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? ஆஃப்லைனில் நீண்ட நேரம் திருத்திவிட்டு வந்தால் ஆவணம் எப்படி ஒன்றுசேர்ந்தது என்று கேட்க வேண்டும்.