புதுப்பிப்பு: ஏற்காட்டில் விலைக்கு வந்த எட்டு டிராக் டேப் ரெக்கார்டர்

அரை இஞ்ச் அகல டேப்பில் எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் பழைய எட்டு டிராக் மெஷின் ஒன்று ஏற்காட்டில் விலைக்கு வந்ததையும், "ஆன் ஆகிறது" என்ற ஒரு வார்த்தையை நம்பி விலை பேசக் கூடாது என்பதையும் முதல் பதிவில் எழுதியிருந்தேன். பலரும் கேட்டது: அப்போ எதைப் பார்ப்பது?

முதலில் ஹெட், அதாவது டேப்பில் ஒலியைப் பதிந்து படிக்கும் பாகம். டேப் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். ஓரத்தில் நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் டோனை (ஒரே சீரான கீச்சொலி) எல்லா டிராக்கிலும் பதிந்து திருப்பிப் போடுங்கள்; ஓர டிராக்குகளான 1, 8 இரண்டிலும் மீட்டர் முள் நிலையில்லாமல் ஆடினால், தேய்மானம் அல்லது டேப் ஓட்டத்தில் கோளாறு. ஹெட்டை மறுபடி தேய்த்துச் சமப்படுத்தலாம், ஆனால் உலோகம் மிச்சம் இருக்கும்வரைதான். அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டே பேசுங்கள்.

டேப்பை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையான பின்ச் ரோலர் கெட்டியாகியிருந்தாலோ பிசுபிசுத்தாலோ வேகம் தள்ளாடும். இது மாற்றக்கூடியது, பயப்பட வேண்டாம். மலை ஈரத்தில் ஸ்விட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) முனைகள் கறுத்துப்போய் ஒரு டிராக் வந்து வந்து போகும். அதைச் சாக்காக வைத்து "ஹெட் போச்சு" என்பவரையும் நம்பாதீர்கள்.

அமெரிக்க மெஷின் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே மாற்றும், அந்த ஊர் மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைத் தராது. டேப்பை இழுக்கும் தண்டைச் சுழற்றும் கேப்ஸ்டன் மோட்டார், மின் அதிர்வெண்ணைப் பொறுத்தே ஓடும் ஏசி சிங்க்ரோனஸ் வகையானால், சரியான வேகத்தில் பதிந்த பாட்டு நம் 50 ஹெர்ட்ஸில் மூன்று சுரஸ்தானம் இறங்கிவிடும். தன் வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் டிசி சர்வோ என்றால் கவலையில்லை.

கூடவே வரும் பழைய ஆம்பெக்ஸ் 456 டேப்புகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவை பசையாகி ஹெட்டில் ஒட்டும். புது டேப் இறக்குமதிதான். 2500 அடி ரீல், விநாடிக்கு 15 இஞ்ச் வேகத்தில் 33 நிமிடமே ஓடும்.