பள்ளி ஆய்வில் மாணவர் பாதுகாப்பும் பார்க்கப்படுகிறதா?

கேள்வி (பெற்றோர், பெருந்துறை வட்டாரம்):
அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். பிளஸ் 1 மாணவர்கள் இரு அணியாகப் பிரிந்து பேருந்து நிறுத்தத்தில் அடித்துக்கொள்வதும், அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவதும் சில மாதங்களாகத் தொடர்கின்றன. அண்மையில் ஆய்வுக்கு வந்த குழுவினர் வாசிப்புத் திறன், பாடக்குறிப்பேடு, கழிப்பறை, சத்துணவு என எல்லாவற்றையும் பார்த்தார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வன்முறையைத் தடுப்பதில் ஆய்வுக்குப் பங்கு உண்டா, காவல் துறையின் வேலை என்று விட்டுவிடுவதா?

பதில் 1 (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கோபி):
பங்கு உண்டு, ஐயா. ஆனால் ஆய்வு அலுவலர் பதிவேட்டைத்தான் பார்ப்பார். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று அடிதடியை யாரும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யவும், 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலரை நியமிக்கவும் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அதெல்லாம் தெற்கத்திச் சமாச்சாரம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். வகுப்பறைக்குள் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பதில் 2 (ஈரோட்டுக்காரர், தற்போது லண்டன்):
இங்கே பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்கள், ஆசிரியர்கள் உடன் இல்லாமல் மாணவர்களிடம் பேசுகிறார்கள். லண்டன் பள்ளிகளையும் கத்தி வன்முறையையும் பற்றி 2019 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, பள்ளியிலிருந்து நீக்கப்படும் பிள்ளைகளைப் பற்றியும் பேசியது. தேர்ச்சி விழுக்காட்டுக்காக டி.சி. கொடுத்து அனுப்பும் வழக்கம் நம்மூரிலும் உண்டு. அப்படிப் போன பிள்ளை எங்கே சேர்ந்தான் என்பதையும் ஆய்வில் கேட்க வேண்டும்.

பதில் 3 (தாய், திருப்பூர்):
நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பதால், மாலையில் பள்ளி விட்டு நாங்கள் வீடு திரும்பும் வரை மகன் தனியாகவே இருக்கிறான். வம்பு மூளுவதும் அந்த நேரத்தில்தான். காலையில் வந்து மதியமே கிளம்பிவிடும் அலுவலருக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் பள்ளியில், பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி தலைமையாசிரியர் அறைக்கு எதிரிலேயே மாட்டப்பட்டிருக்கிறது, அங்கே நின்று சீட்டுப் போட எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? 14417 (கல்வி உதவி), 1098 (குழந்தைகள் உதவி) எண்களை எழுதி வைத்தால் மட்டும் போதாது. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று ஆய்வில் கேட்க வேண்டும் என உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.