ஊசிப்புல் குத்திய அனுபவம் யாருக்காவது உண்டா?

சனிக்கிழமைகளில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமித்துவைக்கும் இடம்) போய், பழைய செடித் தாள்களின் லேபிளைப் படித்துக் கணினியில் ஏற்றிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, ஏசி உண்டு. எனக்கு வந்த கட்டு முழுக்கப் புல். பெரும்பாலும் பாலைவன ஊசிப்புல், அறிவியல் பெயர் ஸ்டைப்பா ஸ்பெசியோசா.

ஒரு தாளில் மூன்று பெயர்ச் சீட்டுகள். முதலில் ஸ்டைப்பா. பிற்பாடு ஒருவர் அக்நாதெரம் என்று ஒட்டியிருக்கிறார், இன்னொருவர் பாப்போஸ்டைப்பா. கலிஃபோர்னியத் தாவரங்களுக்கான ஜெப்சன் கையேடு 2012 பதிப்பில் மறுபடி ஸ்டைப்பா. புல் பாட்டுக்கு அங்கேயே கிடக்கிறது.

பெயரைவிட இடம்தான் தலைவலி. 1930களின் லேபிள் ஒன்றில் "கேன்யன் (மலை இடுக்குப் பள்ளத்தாக்கு) வாய், பாறைச் சரிவு" என்பதோடு சரி. அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்கா பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு கேன்யன்! இதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை போட வேண்டும். பொறுப்பாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஊகத்தில் புள்ளி வைக்காதே. எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கலாமோ அதையும் சேர்த்து எழுது."

தாளின் மூலையில் உதிரிகளைப் போட்டுவைக்கும் சின்னக் காகித உறை இருக்கும். அதிலிருந்து ஒரு விதை மேஜையில் விழுந்தது. நுனி ஊசி. வாலின் கீழ்ப்பாதி முறுக்கிக்கொண்டு, வெள்ளை மயிரோடு. நடுவில் ஒரு மடிப்பு, அதற்கு மேல் மயிரே இல்லை. அந்த அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். முறுக்கு அவிழ்ந்து வால் மெல்லத் திரும்பியது. பறித்து எண்பது வருஷத்துக்கு மேலான புல்! உயிரே வேண்டாமாம். ஈரத்தில் அவிழும், காய்ந்தால் முறுக்கும். அப்படியே விதை மண்ணுக்குள் இறங்கிவிடும்.

— அண்ணா, நான் அரிசோனாவில் டூசான். மலையடிவாரத்தில் நடந்துவிட்டு வந்தால் சாக்ஸ் முழுக்க ஊசி. ஊரில் வேட்டியில் ஏறுமே, அதே ஹெட்டெரோபோகன் கான்டார்ட்டஸ். நம்மோடு பெட்டியில் வந்ததோ என்று நினைத்தேன். அரிசோனாவுக்கும் அது சொந்தப் புல்தானாம்.

— எங்கள் நாய்க்கு இப்படி ஒரு ஊசி காதுக்குள் போய்விட்டது. முள் பின்நோக்கி இருப்பதால் தானாக வெளியே வராது, டாக்டரிடம்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்குள் விடுமுன் காதும் விரல் இடுக்கும் பார்க்கிறேன். அண்ணா, நீங்கள் சொல்லும் புல்லைத் தூரத்திலிருந்து அடையாளம் தெரியுமா?

— தூரத்தில் கொத்தாக வளர்ந்த வெறும் புல்தான். கிட்டே போய் அடித்தூரை விலக்கிப் பாருங்கள் தம்பி. பழைய இலையுறைகள் செம்பழுப்பாக இருக்கும். பார்க் எல்லைக்குள் என்றால் பறிக்காதீர்கள், அனுமதி வேண்டும். போட்டோ எடுங்கள், கேன்யன் பெயரை மறக்காமல் எழுதிவையுங்கள்.