லினக்ஸில் ரெசல்யூஷன் சிக்கல்: உங்களுக்கு எங்கே மாட்டியது, எப்படிச் சரியானது?

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவது எது என்று கேட்டால் நான் வைஃபையைச் சொல்ல மாட்டேன், திரையைத்தான் சொல்வேன். நெட் வரவில்லையென்றால் போனைச் செருகி ஒப்பேற்றிவிடலாம். எழுத்தெல்லாம் பருத்து, வட்டமெல்லாம் நீள்வட்டமாகி, பாதி விண்டோ திரைக்குக் கீழே போய்விட்டால் யாருக்குமே ‘இது நமக்குச் சரிப்படாது’ என்றுதான் தோன்றும். இங்கே பலரும் இதைத் தாண்டி வந்திருப்பீர்கள். எழுதுங்கள். கட்டளையை மட்டும் போடாமல் காரணம் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அடுத்து வருகிறவருக்கு உதவும். முதலில் என் அனுபவம்.

நண்பர் ஒருவர் டியூஷன் சென்டர் நடத்துகிறார். விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த பழைய டெஸ்க்டாப்களில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தோம். எல்லாம் ஒரே மாடல், ஒரே மானிட்டர், 1366×768. மற்றவை தாமாகவே சரியாக வந்தன. ஜன்னலோரம் இருந்த ஒன்று மட்டும் 1024×768க்கு மேல் ஏறவில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பார்த்தால் பட்டியலிலேயே 1366 கிடையாது. நெட்டில் தேடினால் திரும்பின பக்கமெல்லாம் ஒரே பதில்: எக்ஸ்ரேண்டர் (xrandr, திரை அளவைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டளை) மூலம் புதிய மோடை, அதாவது திரை அளவை, சேர்த்து ஸ்கிரிப்டாகப் போடு. ஆனால் பக்கத்து மெஷினில் எந்த ஸ்கிரிப்டும் இல்லாமல் அதே மின்ட் ஒழுங்காக ஓடுகிறதே? விஜிஏ கேபிள்களை மாற்றிச் செருகிப் பார்த்தோம். சிக்கல் கேபிளோடு சேர்ந்து பக்கத்து மெஷினுக்குப் போய்விட்டது.

காரணம் இதுதான். ஒவ்வொரு மானிட்டரும் ‘நான் யார், என் உண்மையான ரெசல்யூஷன் என்ன’ என்று ஒரு சின்னத் தகவல் துண்டை வைத்திருக்கிறது. இடிஐடி (EDID) என்பார்கள். அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். லினக்ஸ் அதைப் படித்துத்தான் பட்டியலைத் தயாரிக்கிறது. படிக்க முடியவில்லை என்றால் எந்த மானிட்டருக்கும் ஆபத்தில்லாத 1024×768 போன்ற அளவோடு நின்றுவிடும். விஜிஏ கேபிளில் இந்தத் தகவல் போவது 12, 15 ஆகிய ஊசிகள் வழியாக. கேபிளின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி. கடைசி வரிசையில் இரண்டாவதும் ஐந்தாவதும்தான் அவை. எங்கள் கேபிளில் இரண்டாவது வளைந்து படுத்திருந்தது. (9ஆம் ஊசி இல்லாமலே நிறைய கேபிள்கள் விற்பனைக்கு வருகின்றன. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.) படத்துக்கான சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வேறு ஊசிகளில் போவதால் படம் பளிச்சென்று தெரியும், ஆகவே கேபிள் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அதனால் புதியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எதையும் மாற்றுவதற்கு முன்னால் டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் அடித்து, வருவதைப் பொறுமையாகப் படியுங்கள். நட்சத்திரக் குறி இருப்பது இப்போது ஓடும் ரெசல்யூஷன். கூட்டல் குறி இருப்பது மானிட்டர் தானே விரும்பிக் கேட்பது. கூட்டல் குறியே எங்கும் இல்லை, 1024×768க்கு மேல் எதுவும் இல்லை என்றால் மானிட்டரின் தகவல் வந்து சேரவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

மறுமொழி 1

அண்ணா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குக் கேபிளே கிடையாது, லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளது. உபுண்டு பென் டிரைவில் பூட் ஆனதும் கறுப்புத் திரை. மெனுவில் இருந்த ‘சேஃப் கிராபிக்ஸ்’ வழியாகப் போனால் திரை வந்தது, ஆனால் 800×600. இன்ஸ்டால் விண்டோவின் கீழே இருக்க வேண்டிய ‘கன்டினியூ’ பட்டனே தெரியவில்லை. ஹாஸ்டல் சீனியர் அக்கா வந்து, சூப்பர் கீயை (விண்டோஸ் படம் போட்ட கீ) அழுத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் நகரும் என்று காட்டினார். விண்டோ திரைக்கு மேலேயே போனது, பட்டன் கிடைத்தது. மின்ட்டில் ஆல்ட் கீயாம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் இன்ஸ்டாலை அப்படியே விட்டிருப்பார்களோ என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

இன்ஸ்டால் முடிந்த பிறகும் திரை பெரிதாகவில்லை. எக்ஸ்ரேண்டர் அடித்தால் முதல் வரியில் காமா அளவு கிடைக்கவில்லை என்று ஒரு புகார், போர்ட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டிஃபால்ட்’. அக்கா அதைப் பார்த்ததுமே “டிரைவரே ஏறலைம்மா, மோடு சேர்த்துப் பிரயோஜனமில்லை” என்றார். சேஃப் கிராபிக்ஸுக்காகக் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) கொடுக்கப்பட்ட ‘நோமோட்செட்’ என்ற சொல் இன்ஸ்டால் ஆன சிஸ்டத்திலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அது இருக்கும் வரை கர்னலின் கிராபிக்ஸ் டிரைவர் திரையைக் கையில் எடுக்காது. ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் என்று ஒரு கோப்பு உண்டு, அதைத் திறந்தால் அந்தச் சொல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

முதலில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ போய் டிரைவரைப் போட்டோம். அப்புறம் இடிசி அடைவில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் க்ரப் (பூட் மெனு) கோப்பில் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அப்டேட்-க்ரப் ஓட்டி ரீஸ்டார்ட் செய்தோம். 1920×1080 தானாக வந்தது. வரிசை மாறினால் மறுபடி கறுப்புத் திரைதான் என்று அக்கா எச்சரித்தார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

தம்பி சொன்ன மாதிரி கேபிளை மாற்றிவிடலாம், சரி. மாற்றவே முடியாத இடமும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஒரு மானிட்டரை இரண்டு மெஷினுக்குப் பொதுவாக வைத்து, நடுவில் டிவிஐ கேவிஎம் ஸ்விட்ச் (மெஷின்களுக்கு இடையே மானிட்டரை மாற்றித் தரும் பெட்டி) போட்டிருக்கிறார்கள். மானிட்டரின் தகவலை அந்த ஸ்விட்ச் மெஷினுக்குக் கடத்துவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கையால் மோடு சேர்ப்பதுதான் வழி, இதை நான் குறுக்கு வழி என்று சொல்ல மாட்டேன்.

சிவிடி என்ற கட்டளைக்கு 1920 1080 60 என்று கொடுத்தால் மோட்லைன் ஒன்று, அதாவது அந்தத் திரை அளவுக்கான எண்கள் அடங்கிய வரி, கிடைக்கும். அதில் முதல் எண் 173.00. அது பிக்சல் கிளாக், அதாவது பிக்சல்கள் அனுப்பப்படும் வேகம், மெகாஹெர்ட்ஸில். சிங்கிள் லிங்க் டிவிஐ தாங்குவது 165 வரைதான். அதனால் அந்த வரியைச் சேர்த்து மாற்றச் சொன்னபோது சிஆர்டிசி (படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி) அமைக்க முடியவில்லை என்று திரும்பிவிட்டது. சிவிடியோடு ‘ஆர்’ என்ற சிறிய ஆப்ஷனைச் சேர்த்தால் வரிகளுக்கு இடையில் வீணாகும் இடைவெளியைக் குறைத்துக் கணக்குப் போடும். கிளாக் 138.50க்கு இறங்கியது. எக்ஸ்ரேண்டரில் நியூமோட், ஆட்மோட், கடைசியில் அவுட்புட் என்று வரிசையாகக் கொடுத்ததும் திரை நிரம்பியது. எண்கள் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொண்டு செய்யும்போது கிடைக்கிற நிம்மதியே தனி.

1366×768 மானிட்டர்காரர்கள் கவனிக்க: சிவிடி அகலத்தை எட்டால் வகுபடும் எண்ணாக மாற்றிக்கொள்ளும். 1366 வகுபடாது, ஆகவே 1368 என்று வரும். அதைச் சேர்த்தால் ஓரத்தில் லேசாக வெட்டுப்படலாம், எழுத்தும் மங்கலாகத் தெரியலாம். அதற்குப் பதில் இந்த அளவுக்கென்று நிலையாக வகுக்கப்பட்ட வரியையே நேராகக் கொடுங்கள்: 85.50, 1366 1436 1579 1792, 768 771 774 798, இரண்டு சிங்க்கும் கூட்டல்.

ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடும். அந்த மூன்று கட்டளைகளையும் ஹோம் அடைவில் எக்ஸ்புரொஃபைல் என்ற மறைகோப்பில் எழுதி வைத்தால் லாகின் செய்யும்போதெல்லாம் ஓடும்.

மறுமொழி 3

வீட்டு டிவியை எச்டிஎம்ஐ வழியாக மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி. ரெசல்யூஷன் சரியாக 1920×1080 காட்டும், ஆனாலும் மேலே பேனல் பாதி வெட்டுப்பட்டிருக்கும். லினக்ஸில் எதையும் தொடாதீர்கள். டிவி ரிமோட்டில் பிக்சர் மெனுவுக்குப் போய் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று ஏதாவது இருக்கும், அதைப் போடுங்கள். பழைய ஒளிபரப்புக் காலத்து வழக்கமாக டிவிகள் படத்தை ஓரங்களில் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

மறுமொழி 4

எல்லாருக்கும் வணக்கம். உபுண்டு 22.04, எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கன்வர்ட்டர் போட்டு ஒரு பழைய மானிட்டர். அதன் அளவு 1600×900, வருவதோ 1024×768. எக்ஸ்ரேண்டரில் போர்ட் பெயர் எக்ஸ்வேலேண்ட்0 என்று இருக்கிறது. மறுமொழி 2இல் ஐயா சொன்னபடி மோடு சேர்த்தாலும் ஒன்றும் மாறவில்லை. பையனுக்கு ஆன்லைன் வகுப்பு இந்த மெஷினில்தான், யாராவது சொல்லுங்களேன்.

மறுமொழி 5

நான்தான், இந்த இழையைத் தொடங்கியவன். அக்கா, அந்தப் பெயரே விடையைச் சொல்லிவிட்டது. நீங்கள் இருப்பது வேலேண்ட் (எக்ஸ்ஆர்க்குக்குப் பதிலாக வந்த புதிய திரை அமைப்பு) செஷனில். எக்ஸ்ரேண்டர் அங்கே பார்க்கத்தான் உதவும், மாற்ற உதவாது. லாகின் பக்கத்தில் பெயரைத் தொட்டதும் கீழ் மூலையில் பற்சக்கரப் படம் வரும். அதில் ‘உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்’ தேர்ந்தெடுத்தால் மேலே ஐயா சொன்ன முறை வேலை செய்யும். 25.10இல் இந்த வாய்ப்பை எடுத்துவிட்டார்கள், ஆகவே இதையே நம்பியிருக்க வேண்டாம்.

வேலேண்டிலேயே இருக்க வேண்டுமென்றால் கர்னலிடம் நேராகச் சொல்லலாம். தங்கை சொன்ன அதே க்ரப் கோப்பில், ஏற்கெனவே உள்ள சொற்களுக்குப் பின்னால் ‘வீடியோ’, சமக்குறி, போர்ட் பெயர், முக்காற்புள்ளி, 1600×900@60 என்று இடைவெளியில்லாமல் சேருங்கள். பெருக்கல் குறிக்குப் பதில் ஆங்கிலச் சிறிய எக்ஸ். போர்ட் பெயரில்தான் நிறைய பேருக்குத் தவறிவிடுகிறது: எக்ஸ்ரேண்டர் எச்டிஎம்ஐ-1 என்று காட்டுவதைக் கர்னல் எச்டிஎம்ஐ-ஏ-1 என்கிறது. சிஸ் அடைவில் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் போய்ப் பாருங்கள், கர்னல் வைத்த பெயர் அங்கே இருக்கும். சேர்த்ததும் அப்டேட்-க்ரப், ரீஸ்டார்ட்.

அதற்கும் முன்னால், மானிட்டர் ஆனில் இருக்கும்போதே கன்வர்ட்டரைக் கழற்றி அழுத்திச் செருகிப் பாருங்கள். வேறு கன்வர்ட்டர் கைமாற்றாகக் கிடைத்தால் அதையும்.

மறுமொழி 6

தம்பி, பக்கத்து வீட்டில் வாங்கி வந்த கன்வர்ட்டரிலும் அதே 1024தான். க்ரப் கோப்பில் எச்டிஎம்ஐ-ஏ-1 என்று பெயரைச் சரியாகப் போட்டதும் 1600×900 வந்துவிட்டது. ஆசிரியர் பகிர்கிற பலகையும் பையனின் நோட்டும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ரொம்ப நன்றி.