புதுப்பிப்பு: பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கு சொட்டுநீர் மானியம் கிடைத்தது

பட்டா இன்னும் அப்பா பெயரில்தான், அவரும் இல்லை, மானியம் வருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழ் வைத்துப் பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றிய பிறகுதான் மனுவையே வாங்கினார்கள். அதற்கே மூன்று முறை அலைந்தோம்.

நமக்கு ஒன்றரை ஏக்கர். தாசில்தார் தந்த சிறு, குறு விவசாயி சான்று இருந்ததால் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர் விவரப் பதிவு), ஆதார், நில வரைபடம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

நேற்று முதல்முறை மோட்டார் போட்டோம். பந்தலுக்கு அடியில் ஒவ்வொரு கொடி மூட்டிலும் உள்ளங்கை அளவுக்கு ஈரம். அம்மா குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. விலையில் அது தெரிய இன்னும் நிறையச் செய்ய வேண்டும். பட்டா மாறாதவர்கள் முதலில் அதை முடியுங்கள்.